சிகாமணியின் நூற்றுப் பதினெட்டு

பத்து நிமிஷம் எதையும் நினைக்காமல் உட்காரச் சொல்லிவிட்டாள் அந்தக் கம்பெனி நர்ஸ் பெண். சொல்வதற்கு அவளுக்கு என்ன, போன வருஷம் நாகர்கோவிலிலிருந்து வந்த பெண், பெயர் பிளெஸ்ஸி, வாய் நிறையச் சிரிப்பு, நினைப்பதற்கு அவளிடம் என்ன இருக்கப்போகிறது. ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தேழு முடிந்து ஐம்பத்தெட்டு நடக்கிறது. நினைக்காமல் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆறாம் வகுப்போடு முடிந்துபோன பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வரவில்லை. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் பதித்து, இடது கையை மேஜைமேல் வைத்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பிரஷர் பார்க்கும் அந்த நீலத் துணிப்பட்டை இன்னும் இருந்தது. காற்று இறங்கிய பின்னும் அது பிடித்துக்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று நான்கு. பிளெஸ்ஸி அதைப் படிவத்தில் எழுதவில்லை, பேனாவின் பின்பக்கத்தால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள். "இப்ப இத எழுதுனா வண்டி போயிரும்ணே. நூத்தி அறுவதுக்கு மேல இருந்தா ஸ்டீயரிங் தொடக்கூடாதுன்னு ரூல் போட்டிருக்காங்க. பத்து நிமிஷம் இருங்க, மறுபடி எடுக்கேன்." நல்ல பெண்தான். ஆனால் அதை இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு அடி தள்ளி அடுத்த நாற்காலியில் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தவன் சிகாமணி. கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு இப்போதுதான் எடுத்து முடித்தார்கள். நூற்றுப் பதினெட்டு, கீழே எழுபத்தாறு. அந்தப் பெண் அதைப் பாட்டு மாதிரி வாய்விட்டுப் படித்தாள். "சின்னப் பையன் பிரஷர்ணே உங்களுக்கு" என்று அவனிடம் சொன்னாள். அப்புறம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா, மூக்கு ஒண்ணுபோல இருக்கே" என்றாள். சிகாமணி, ஆமாம் என்று தலையாட்டினான். ஏகாம்பரம் சுவரைப் பார்த்தார்.

சுவரில் கடிகாரம் பத்தே கால். பத்து இருபத்தைந்துக்கு எடுப்பாள். பதினொன்றரைக்குக் கம்பெனியின் ஜப்பான்காரர் குராமோச்சி சாரைச் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும். யார் கூட்டிப்போவது என்பது இந்தப் பத்து நிமிஷத்தில் இருக்கிறது. டிரைவர்கள் பதினாறு பேர் இருந்தாலும் ஜப்பான்காரர்கள் வண்டிக்கு மாற்று ஆள் ஒருவன்தான், அது சிகாமணி. ஷிப்ட் பஸ் ஓட்டுகிறான், லைசென்ஸில் ஒரு கீறல் இல்லை, நாலு இங்கிலீஷ் வார்த்தை பேசுவான். அந்த எண்ணோடு பேப்பர் ஆபீஸுக்குப் போனால் வண்டிச் சாவி அவன் கைக்குப் போகும். அப்புறம் டாக்டர் சீட்டு வாங்கிவருவதற்குள் ஒரு மாதம் ஆகும், ஒரு மாதத்தில் சார் அவனுக்குப் பழகிவிடுவார், பழகியதை மாற்ற மாட்டார்கள். போன தடவை ரங்கசாமிக்கு அப்படித்தான் ஆனது. கண் ஆபரேஷனுக்குப் போனான், திரும்பி வந்தபோது அவன் வண்டியில் வேறொருவன் சீட்டைத் தனக்கு ஏற்றபடி முன்னால் தள்ளி வைத்திருந்தான். சீட்டைத் தள்ளுவது என்றால் ஏதோ சின்ன விஷயம் என்று நினைப்பார்கள். நாலு வருஷமாக அந்தச் சீட்டு ஏகாம்பரத்தின் முதுகுக்கு இருக்கிறது. சிகாமணி இரண்டு விரல் உயரம் கூடுதல், பின்னால் தள்ளுவான், கண்ணாடியைத் திருப்புவான், அந்தக் கண்ணாடியில் குராமோச்சி சாரின் முகம் அவனுக்குத் தெரியும். நினைக்கக்கூடாது. நெஞ்சுக்குள் தட்டுகிறது, காதுக்குப் பக்கத்தில் தட்டுகிறது, கையிலிருக்கும் பட்டைக்குக் கீழேயும் தட்டுகிறது. மூச்சை இழுத்து விடு. டீவியில் ஒரு சாமியார் அப்படித்தான் சொன்னார்.

மாத்திரை இருக்கிறது, இல்லாமல் இல்லை. வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் பொங்கலுக்கு முன்னே வாங்கிய அட்டை நாலும் அப்படியே கிடக்கின்றன. மனைவி பூங்காவனம் தினமும் கேட்கிறாள், போட்டியா என்று, போட்டேன் என்கிறார். போடவில்லை. போட்டால் தோற்ற மாதிரி. எதில் தோற்றது என்று பூங்காவனத்துக்குச் சொன்னால் சிரிப்பாள், அதனால் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே உலையில் வெந்த சோறு, வாலாஜாபாத் பக்கத்தில் ஒரே ஓட்டு வீடு, அதே கிணற்று உப்புத் தண்ணீர். இவர் மாத்திரை போட வேண்டும், அவன் வேண்டியதில்லை. கேன்டீனில் அவன் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டுமே. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இரண்டு கரண்டி, அப்பளம் மூன்று, எல்லாம் போக மேஜையில் இருக்கும் உப்புக் குப்பியை எடுத்து ஒரு உதறு. அந்த உதறலை ஏகாம்பரம் நாலாவது மேஜையிலிருந்து நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் டப்பாவில் பூங்காவனம் வைத்த உப்பில்லாத சுரைக்காய்க் கூட்டு. மாத்திரைதான் போடவில்லை, உப்பை விட்டாயிற்று. உப்பை விட்டும் நூற்று எழுபத்திரண்டு. அவன் உதறி உதறிப் போட்டும் நூற்றுப் பதினெட்டு. யாரிடம் போய்க் கேட்பது?

குராமோச்சி சாரிடம்தான் ஒருநாள் கேட்டார். கேட்டார் என்றால் வாயால் அல்ல, அந்த மனுஷனுக்கு ஐம்பது தமிழ் வார்த்தை தெரியும், இவருக்கு ஐம்பது இங்கிலீஷ், இரண்டையும் கலந்து கையைக் காலை ஆட்டிப் பேசிக்கொள்வார்கள். சார் தினமும் காலையில் ஆறு ஐம்பதுக்கு வண்டியில் ஏறுவார். சுங்கச்சாவடி தாண்டியதும் போனை எடுத்து ஜப்பானிலிருக்கும் தம்பியைக் கூப்பிடுவார். அவர்கள் ஊரில் இது ஒரு வழக்கம் போல, காலையில் எழுந்ததும் வீட்டிலேயே மெஷினை மாட்டிப் பிரஷர் பார்த்துச் சின்ன நோட்டில் எழுதி வைப்பார்களாம், பல் விளக்குவது மாதிரி. அண்ணன் தன் நம்பரைச் சொல்வார், தம்பி தன் நம்பரைச் சொல்வான், அப்புறம் ஏதோ இரண்டு வார்த்தை, ஒரு சிரிப்பு, வைத்துவிடுவார்கள். நாலு வருஷம் கேட்டுக் கேட்டு ஏகாம்பரத்துக்கு ஜப்பான் எண்ணெல்லாம் பாடமாகிவிட்டது. ஹியாகு என்றால் நூறு. ஹியாகு சான்ஜூ யோன், நூற்று முப்பத்து நாலு, அது மாத்திரை போட்ட அண்ணன். ஹியாகு ஜூ ரோகு, நூற்றுப் பதினாறு, அது மாத்திரையே போடாத தம்பி. போனிலிருந்து அந்தத் தம்பியின் குரல் கேட்கும்போதெல்லாம் முகம் தெரியாத அவன்மேல் ஏகாம்பரத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். எவனும் கேட்டானா உன் நூற்றுப் பதினாறை? நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிற மாதிரி தினமும் சொல்கிறானே. சிகாமணியின் குரல்தான் அது, ஜப்பான் பாஷையில்.

அதனால்தான் ஒருநாள், விமான நிலையம் போகிற வழியில், போக்குவரத்தில் வண்டி நின்றுபோனபோது கேட்டார். சார், பிரதர் நோ டேப்லட்? நோ டேப்லட் என்றார் சார். யூ டேப்லட்? சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். ஒய் சார், சேம் ஃபாதர், சேம் மதர்? குராமோச்சி சார் முன் சீட்டின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து, அன்றைக்கு நிறையப் பேசினார். அவர்கள் ஊர் வடக்கே, பனி ஆளுயரத்துக்குக் கொட்டும். அந்த நாலு மாதமும் காய்கறி கிடையாது, இலைதான் முள்ளங்கிதான், எல்லாவற்றையும் உப்பில் போட்டு வைத்துத் தின்பார்கள். காலையில் உப்பு, மதியம் உப்பு, சூப்பிலும் உப்பு. தாத்தா ஐம்பத்திரண்டு வயசில் வயலில் விழுந்தார். அப்பா அறுபதில் குளியல் தொட்டியில். பெரியப்பா ரயிலில். ஒரு காலேஜிலிருந்து வந்து ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்களாம், உப்பு மட்டும்தான் காரணமா, ரத்தத்திலேயே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. ஒரு வருஷம் கழித்துத் தபாலில் காகிதம் வந்தது. ரத்தத்துக்குள் வித்து மாதிரி ஒன்று இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று அம்மாவிடமிருந்து ஒன்று வரும், அது இருக்கிறவனுக்கு உப்பு ஒட்டிக்கொள்ளும், இல்லாதவனுக்கு ஒழுகிப் போய்விடும். அவர்கள் ஆட்களில் அது நிறையப் பேருக்கு உண்டாம். அது ஒன்றுதான் என்று இல்லை, இன்னும் பல இருக்கின்றன, யாருக்கு எது சேரும் என்று யாருக்கும் தெரியாது. சீட்டுக் குலுக்குவது போலக் கையைக் குலுக்கிக் காட்டினார். "மீ, யெஸ். பிரதர், நோ. சேம் ஊறுகாய்" என்றார். ஊறுகாய் என்ற வார்த்தையை அவ்வளவு சுத்தமாகச் சொல்வார் அந்த மனுஷன். அப்போது ஏகாம்பரம் கேட்டார், யூ நோ ஆங்ரி, சார்? பிரதர் மேலே? சாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படிச் சிரித்தார். "ஆங்ரி? நோ நோ. மை ஊறுகாய் ஆல்ஸோ ஹி ஈட்டிங். வெரி குட்." என் பங்கையும் அவன் தின்கிறான், ரொம்ப நல்லது. வண்டி நகர்ந்தது. ஏகாம்பரத்துக்கு அந்தச் சிரிப்பு இறங்கவில்லை. அவர் நல்லவர், அதனால் அப்படி. அல்லது அவருடைய அப்பா இரண்டு பிள்ளைகளையும் ஒரே கண்ணால் பார்த்திருப்பார்.

ஆறு நிமிஷம் ஆகியிருக்கிறது. சிகாமணி ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்? சட்டையை மாட்டியாயிற்று, டீயும் குடித்தாயிற்று. அப்பா அந்த மாதிரிதான் உட்கார்ந்திருப்பார், தொடைமேல் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு. அவர் கை அப்படியே சிகாமணிக்கு வந்திருக்கிறது, கட்டை விரல் நகம் அகலமாக. கை அவனுக்கு, ரத்தம் இவருக்கு. முனிரத்தினத்துக்கு, அதுதான் அப்பாவுக்கு, பிரஷர் இருநூறு என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்னபோது கூட இருந்தவர் ஏகாம்பரம். உப்பைக் குறைக்காவிட்டால் ஒருநாள் விழுந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவரும் அவர்தான். பூங்காவனம் அன்றிலிருந்து தனி உலை வைத்தாள். உப்பில்லாத சாம்பார், உப்பில்லாத ரசம், கருவாடு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அப்பா முதல் வாரம் தட்டைத் தள்ளினார். இரண்டாம் வாரம் தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "எம் பெரிய பிள்ள எனக்கு உப்பு போடமாட்டேன்றான்யா, அதுகூடவா காசு கேக்குது" என்று சொன்னார். மூன்றாம் வாரம் வேட்டி இரண்டை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு சிகாமணி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஏகாம்பரம் ஓடினார். வாசலில் நின்று கத்தினார். "டேய், டாக்டரு சொன்னாருடா, உப்பு போட்டன்னா செத்துருவாருடா." சிகாமணி உள்ளிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "அண்ணா, கெழவன் எத்தினி நாளு இருக்கப் போவுது. ஆசையாக் கேக்குது. வுடேன்." உள்ளே அப்பா சப்புக்கொட்டுகிற சத்தம். பதினான்கு மாதம் இருந்தார். ஒருநாள் விடிகாலையில் வாய் கோணி விழுந்தார். ஊர் முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து என்ன பேசியது? சின்னவன் கடைசி வரைக்கும் வாய்க்கு ருசியாப் போட்டு வச்சிருந்தான், பிள்ளைன்னா அவன் பிள்ளை. பெரியம்மாவின் மகன் ஏகாம்பரத்தின் காதுபடவே சொன்னான். அன்றைக்கு நின்ற பேச்சுத்தான், பதினோரு வருஷம். ஒரே கம்பெனி, ஒரே ஷெட், ஒரே கேன்டீன், பேச்சு இல்லை. கொன்றவன் அவன், பிள்ளை என்ற பேரும் அவனுக்கே. காப்பாற்றப் பார்த்தவருக்குக் கஞ்சன் என்ற பேர்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. அதைப் பூங்காவனத்திடம்கூடச் சொன்னதில்லை. அப்பா அங்கே சந்தோஷமாக இருந்தார். பதினான்கு மாதமும் அவர் ஒருநாள்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டவனைவிட, கேட்காதவனைத்தான் அவருக்குப் பிடித்தது. சின்ன வயசிலேயே அப்படித்தான், திருவிழாவில் தோளில் ஏறுவது சிகாமணி, இவர் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பார், மேலேயிருந்து அவன் சாமியைப் பார்த்துக் கத்துவான், இவருக்கு ஜனங்களின் முதுகுதான் தெரியும். சரி, அப்படியே இருக்கட்டும், ஆனால் போகும்போது இதையாவது அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே? பிரியமான பிள்ளைக்குப் பிரியமான கையையும் நகத்தையும் கொடுத்தவர், பிடிக்காத பிள்ளைக்குத் தன் ரத்தத்தைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். சார் கையைக் குலுக்கிக் காட்டினாரே, சீட்டு மாதிரி, யாருக்கு எது விழும் என்று யாருக்கும் தெரியாது என்று. ஏகாம்பரத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. குலுக்கிய கை அப்பாவின் கை. அவர் பார்த்துத்தான் போட்டிருப்பார்.

சிகாமணி எழுந்தான். எழுந்தவன் வாசலுக்குப் போகாமல் பிளெஸ்ஸியின் மேஜைக்குப் போனான். குனிந்து ஏதோ சொன்னான். மெதுவாகச் சொன்னான், அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்து, சரி சரி என்று தலையாட்டினாள். அவன் வெளியே போனான், கதவு மெல்ல மூடிக்கொண்டது. என்ன கேட்டான்? சாவியைத்தான். எப்போது கைக்கு வரும் என்று கேட்டிருப்பான். இல்லை, அவ்வளவு பச்சையாகக் கேட்க மாட்டான், சிரித்துக் கேட்பான், எங்கண்ணன் பாவம் சிஸ்டர், வயசாயிடுச்சு, ஓட்டறது கஷ்டம்தான், எழுதிடுங்க என்று. இரக்கப்படுகிற மாதிரி. அப்பாவையும் அப்படித்தானே கொண்டுபோனான், இரக்கப்பட்டே. நேரே டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போயிருப்பான், சூப்பர்வைசர் முன்னால் நின்றுகொண்டிருப்பான். பதினொன்றரைக்குக் குராமோச்சி சார் படியிறங்கும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவன். நாளைக் காலை சுங்கச்சாவடி தாண்டியதும் ஹியாகு சான்ஜூ யோன் என்ற சத்தம் அவன் காதில். அவனுக்கு ஜப்பான் எண் தெரியாது, அது என்ன என்று கேட்பான், சார் சொல்வார், சொல்லிவிட்டு, உனக்கு எவ்வளவு என்று கேட்பார். அவன் சொல்வான். சார் கைதட்டுவார், வெரி குட், மை பிரதர் சேம். நாலு வருஷத்தில் சார் இவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் இவர் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கேட்டதே இல்லை.

அறையில் யாருமில்லை. மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, தோளிலிருந்து ஏதோ இறங்கியது. ஜன்னல் வழியே புங்கமர நிழல் தரையில் ஆடியது. போகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, யாருடைய நினைப்போ மாதிரி. கண்ணை மூடினார். கொட்டாவி வந்தது. எதுவும் நினைக்காமல் இருப்பது இதுதானோ என்று நினைத்தபோது பிளெஸ்ஸி வந்து பொத்தானை அழுத்தினாள். பட்டை இறுகியது, நின்றது, விட்டு விட்டு இறங்கியது.

"நூத்தி அம்பத்தி ரெண்டு! கீழ தொண்ணூறு!" அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "தப்பிச்சீங்கண்ணே. வண்டி உங்களுக்குத்தான். ஒழுங்கா மாத்திரையப் போடுங்க, என்ன?" ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. சட்டைக் கையை இறக்கப்போனார். பதினொன்றரை, சென்னை, தன் சீட்டு, தன் கண்ணாடி. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும், காஞ்சிபுரம் பக்கம் போனால் இட்லி வாங்கிவரலாம். அவள் பேனாவைத் திறந்துகொண்டே சொன்னாள். "உங்க தம்பி சொன்னது கரெக்ட்டாப் போச்சு பாத்தீங்களா."

"இன்னா சொன்னான்?"

"என்னையப் பாத்தா எங்கண்ணனுக்கு ஏறிப்போவும் சிஸ்டர், நான் போயி பஸ்ஸுல உக்காந்துக்கறேன், அப்பறமா எடுங்க, இறங்கியிருக்கும்னாரு. பாவம், நல்ல மனுசன்."

அவர் கை அப்படியே நின்றது. பஸ்ஸில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஷெட்டில் வெயிலில் நிற்கிற பஸ்ஸில், தொடைமேல் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அண்ணனுக்கு இறங்கட்டும் என்று. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாலாவது மேஜையிலிருந்து பார்த்ததெல்லாம் தெரிந்திருக்கிறது. உள்ளே ஏறுவது தெரிந்திருக்கிறது, இறக்கவும் தெரிந்திருக்கிறது, தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற மாதிரி. அப்படியானால் இந்த நூற்று ஐம்பத்திரண்டு? இனி தினமும் ஆறு ஐம்பதுக்கு அந்தக் கதவைத் திறக்கும்போது அது சிகாமணி கொடுத்த கதவு. சீட்டு அவன் விட்டுக்கொடுத்த சீட்டு. இரக்கப்பட்டுப் போட்டது. அப்பாவுக்குப் போட்ட மாதிரி, ஆசையாக் கேக்குது, வுடேன்.

"இன்னொரு தபா எடும்மா," என்றார்.

"எதுக்குண்ணே? அதான் வந்தாச்சே."

"எடு. மிசினு சரியாக் காட்டல."

"இன்னும் கொறையும்னு பாக்கீங்களாக்கும்" என்று சிரித்தபடி அவள் பொத்தானை அழுத்தினாள். பட்டை இறுகத் தொடங்கியது. இந்தத் தடவை ஏகாம்பரம் எதையும் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றாக வா என்று கூப்பிட்டார். தோளில் ஏறியவன், சப்புக்கொட்டிய சத்தம், பந்தலில் பேசியது, உப்புக் குப்பி, பஸ்ஸில் இருக்கும் அந்த இரண்டு கைகள். பட்டை எலும்பைத் தொட்டது. வேண்டாம் என்று ஓரிடத்தில் தோன்றியது, அந்த இடம் ரொம்பச் சின்னதாக இருந்தது. மெஷின் போதாது என்று மறுபடி காற்றை ஏற்றியது. காது அடைத்தது. எண்கள் இறங்கி இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றன.

பிளெஸ்ஸியின் சிரிப்பு போய்விட்டது. "நூத்தி எம்பத்தி ஆறு. இது சரியில்லண்ணே, அசைஞ்சிட்டீங்க. நான் முன்னாடி எடுத்ததயே எழுதிருதேன்."

"அசையல."

"வண்டி போயிரும்ணே."

"தெரியும். எழுது."

அவள் வாசலைப் பார்த்தாள், யாராவது வந்து இந்த மனுஷனுக்குச் சொல்ல மாட்டார்களா என்பதுபோல. யாரும் வரவில்லை. ஏகாம்பரம் வலது கையை நீட்டி, படிவத்தில் தன் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். அவள் எழுத வேண்டிய இடத்தை மட்டும் விட்டு, அழுத்தி வைத்துக்கொண்டார். அவள் எழுதினாள். ஒன்று, எட்டு, ஆறு. ஒவ்வொரு எண்ணாக விழுவதைக் குனிந்து பார்த்தார். மை காயும்வரை விரலை எடுக்கவில்லை. இதில் மட்டும் எவனுக்கும் பங்கு கிடையாது என்று நினைத்துக்கொண்டார்.